மின் மிதிவண்டி: நாமே கட்டுவதா, கடையில் வாங்குவதா?

சிறு, குறு உழவர்களின் வீடுகளில் மிதிவண்டி இன்றும் ஒரு பண்ணைக் கருவியாகவே இருந்து வருகிறது. காலையும் மாலையும் பால் சங்கத்திற்குக் கேன் கொண்டு செல்லவும், வயலிலிருந்து புல்லுக்கட்டு ஏற்றி வரவும், உழவர் சந்தைக்குக் கீரையும் காயும் எடுத்துச் செல்லவும் அது பயன்படுகிறது. ஆனால் 20 கிலோ சுமையுடன் எதிர்க்காற்றில் மிதிப்பது ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு எளிதன்று. மொபெட்டு வாங்கினாலோ பெட்ரோல் செலவும், ஓட்டுநர் உரிமமும், காப்பீடும் உடன் வருகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வாகனமாக மின் மிதிவண்டி அமைந்துள்ளது.

இதனைப் பெற இரு வழிகள் உள்ளன. வீட்டிலுள்ள பழைய மிதிவண்டியில் மோட்டார், பேட்டரி முதலியவற்றை வாங்கிப் பொருத்திக் கொள்ளலாம். அல்லது கடையில் விற்கும் ஆயத்த வண்டியையே வாங்கலாம். சொந்த விதையா, வாங்கும் விதையா என்ற கேள்வியைப் போன்றதே இதுவும். இரண்டிலும் நன்மை உண்டு. இரண்டிலும் இடர் உண்டு. எவருக்கு எது பொருந்தும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். அக்கணக்கை இக்கட்டுரையில் காண்போம்.

மின் மிதிவண்டியின் உறுப்புகள்

மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் உள்ள குடத்தை நாம் அறிவோம். மிதிவண்டிச் சக்கரத்தின் நடுவிலும் அத்தகைய குடம் ஒன்று உண்டு. அந்தக் குடத்திற்குள்ளேயே மோட்டாரை அடக்கி வைத்திருப்பது 'ஹப் மோட்டார்' எனப்படும். இது புதிய கருத்தன்று. அமெரிக்காவில் ஓக்டன் போல்ட்டன் என்பவர் 1895ஆம் ஆண்டிலேயே பின் சக்கரக் குடத்தில் மோட்டார் வைத்த மிதிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். எடை குறைந்த பேட்டரி அக்காலத்தில் இல்லாமையால் அது பரவவில்லை.

மோட்டாரைத் தவிர நான்கு உறுப்புகள் உள்ளன. முதலாவது, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பேட்டரி. இரண்டாவது, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் செல்ல வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர். மூன்றாவது, கைப்பிடியில் உள்ள ஆக்சிலேட்டர் அல்லது பெடல் சுற்றுவதை உணரும் உணர்கருவி. நான்காவது, பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சுடன் கூடிய பிரேக் பிடிகள். இந்த நான்காவது உறுப்பைப் பலர் தேவையற்றது என்று விட்டுவிடுகின்றனர். அது தவறு. மோட்டார் முன்னே இழுக்க, பிரேக் பின்னே இழுக்க, இரண்டும் போராடினால் பால் கேனுடன் வண்டி சாயும்.

மோட்டாரின் ஆற்றல் 250 வாட் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆகும். எனவே இது குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு. கிணற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டாருடன் ஒப்பிட்டால் பதினைந்தில் ஒரு பங்கு. இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மனிதர் களைப்பின்றித் தொடர்ந்து மிதிப்பதில் கிடைக்கும் ஆற்றல் 75 முதல் 100 வாட் வரையே. ஆகவே நம்மோடு இன்னும் இருவர் சேர்ந்து மிதிப்பதற்கு அது சமம். சமவெளிச் சாலைகளுக்கு இதுவே போதுமானது.

நமக்கு வேண்டிய பேட்டரி எவ்வளவு?

பேட்டரியின் கொள்ளளவை அறிய, அதன் மீதுள்ள வோல்ட் எண்ணை ஆம்பியர்-மணி எண்ணால் பெருக்க வேண்டும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி எனில் 360 வாட்-மணி ஆகும். சமதளச் சாலையில், சுமையுடன், நாமும் ஓரளவு மிதித்துச் செல்லும்போது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 வாட்-மணி செலவாகும் எனக் கொள்ளலாம். மணற்பாங்கான வண்டிப்பாதையிலும், எதிர்க்காற்றிலும், காற்றுக் குறைந்த டயரிலும் இது கூடும்.

எடுத்துக்காட்டாக, பால் சங்கம் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று வைத்துக் கொள்வோம். காலை, மாலை இரு வேளையும் சென்று வந்தால் நாளொன்றுக்கு 16 கிலோமீட்டர். தேவைப்படும் மின் ஆற்றல் 16 × 15 = 240 வாட்-மணி. பேட்டரியை முற்றிலும் வடிய விடாமல், ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்துவதே அதன் ஆயுளுக்கு நன்று. 360 வாட்-மணியில் ஐந்தில் நான்கு பங்கு 288 வாட்-மணி. எனவே புதிதாக இருக்கும்போது இந்தப் பேட்டரி ஒரு நாள் வேலைக்குப் போதும். பழையதாகிக் கொள்ளளவு குறைந்த பின் போதாது. அப்போது காலைப் பால் ஊற்றி வந்த பின் ஒரு முறை மின்னேற்றிக் கொள்ளலாம். இடையில் மின்னேற்ற வசதியில்லாதோர் தொடக்கத்திலேயே 13 ஆம்பியர்-மணி பேட்டரியாக வாங்குதல் நலம்.

மேட்டுப் பகுதி உழவர்கள் மற்றொன்றையும் கருத வேண்டும். 100 மீட்டர் தூரத்திற்கு 5 மீட்டர் உயரும் சாலையில், ஆளும் வண்டியும் சுமையுமாக 125 கிலோவை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றுவதற்குச் சுமார் 200 வாட் தேவை. ஹப் மோட்டார் மெதுவாகச் சுழலும்போது அதற்குச் செல்லும் மின்சாரத்தில் பெரும் பகுதி வெப்பமாக வீணாகும். எனவே ஏற்றத்தில் நாமும் சேர்ந்து மிதிக்க வேண்டும். நடை வேகத்திற்கு வண்டி தளர்ந்து விட்டால் இறங்கித் தள்ளுவதே மோட்டாருக்கு நல்லது. காவிரிப் பாசனப் பகுதி போன்ற சமவெளிகளுக்கு இவ்வண்டி மிகவும் ஏற்றது. மலைச் சாலைகளுக்கு ஏற்றதன்று.

மின்சாரம் அன்று, பேட்டரியே செலவு

'மின்சாரத்தில் ஓடுவதால் செலவே இல்லை' என்று விற்பனையாளர் கூறுவர். இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 240 வாட்-மணியைப் பேட்டரியில் சேர்க்க, சார்ஜரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து, சுமார் 280 வாட்-மணி, அதாவது 0.28 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 6 ரூபாய் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 1 ரூபாய் 68 காசு. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11 காசு மட்டுமே. இதுவரை அவர் கூற்று உண்மையே.

ஆனால் பேட்டரி தேயும் பொருள். லித்தியம் பேட்டரிகளில் பொதுவாகக் கிடைக்கும் வகை, முழு அளவில் 500 முதல் 800 முறை ஏற்றி இறக்கிய பின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்து விடும். நமது எடுத்துக்காட்டில் நாளொன்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு வடிகிறது. ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 200 முழுச் சுற்றுகள். எனவே பேட்டரி மூன்று ஆண்டுகள் அல்லது நான்கு ஆண்டுகள் வரும். 12,000 ரூபாய் விலையுள்ள பேட்டரி 600 சுற்றுகள் உழைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் 24 கிலோமீட்டர் ஓடினால், மொத்தம் 14,400 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பேட்டரித் தேய்மானம் 83 காசு.

மின்சாரம் 11 காசு. பேட்டரி 83 காசு. இந்த இரு எண்களையும் உழவர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். பெட்ரோல் வண்டிக்குப் பெட்ரோல் எப்படியோ, மின் மிதிவண்டிக்குப் பேட்டரி அப்படியே. ஆகவே கட்டுவதா, வாங்குவதா என்ற கேள்வியின் உட்பொருள், 'நல்ல பேட்டரி எந்த வழியில் கிடைக்கும்? அது தேய்ந்த பின் மாற்றுப் பேட்டரி எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும்?' என்பதுதான்.

பேட்டரி வகைகள்

1. ஈய அமிலப் பேட்டரி: விலை குறைவு. 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றைச் சேர்த்தால் 36 வோல்ட் கிடைக்கும். ஆனால் அவற்றின் எடை 12 கிலோ அளவுக்கு வரும். பாதிக்கு மேல் வடிய விட்டால் விரைவில் கெட்டுவிடும். ஒரு கேன் பாலின் எடையைப் பேட்டரிக்கே கொடுத்து விடுவது போலாகும்.

2. சாதாரண லித்தியம் பேட்டரி: 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணிக்கு எடை 3 கிலோ அளவே. இதன் சார்ஜர் 42 வோல்ட் தரும். வெப்பத்தையும் அடியையும் தாங்கும் தன்மை குறைவு.

3. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி: எடையும் விலையும் சற்றுக் கூடுதல். ஆனால் 1,500 முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். எளிதில் தீப்பற்றாது. 12 கலங்கள் கொண்ட அடுக்கிற்கு 43.8 வோல்ட் சார்ஜர் வேண்டும். வெயிலில் நாள்தோறும் உழைக்கும் வண்டிக்கு இதுவே சாலச் சிறந்தது.

இரண்டாம், மூன்றாம் வகைப் பேட்டரிகளின் சார்ஜர்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒன்றின் சார்ஜரை மற்றொன்றில் மாட்டுதல் கூடவே கூடாது.

நாமே கட்டுதல்: பழைய வண்டி தகுதியானதா?

விதைக்கு முன் நிலத்தைப் பண்படுத்துவது போல், மோட்டாருக்கு முன் வண்டியைச் சீர்படுத்த வேண்டும். கீழ்க்கண்டவற்றைச் சைக்கிள் கடைக்காரருடன் சேர்ந்து ஆராய்தல் நன்று.

சட்டம்: கைப்பிடிக்குக் கீழே குழாய்கள் கூடும் இடத்திலும், பெடல் அச்சு உள்ள இடத்திலும், முன் போர்க்கின் கால்களிலும் துருவைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். விரிசலோ, முன்பு பற்றவைத்த தடமோ இருந்தால் அவ்வண்டி மோட்டாருக்கு உதவாது.

ரிம்: நம் ஊர்ப் பெரிய சைக்கிள்களில் முன் ரிம்மில் 32 கம்பித் துளைகளும், பின் ரிம்மில் 40 துளைகளும் இருக்கும். ஹப் மோட்டார்களில் பெரும்பாலும் 36 துளைகளே இருக்கும். எனவே பழைய ரிம்மில் மோட்டாரைக் கோக்க இயலாது. 36 துளையுள்ள 28 அங்குல ரிம்மில் கோத்த சக்கரமாகவே கேட்டு வாங்க வேண்டும். இதை அறியாமல் மோட்டாரை மட்டும் வாங்குவோர் ரிம்முக்காக அலைய நேரிடும்.

அச்சு இடைவெளி: முன் சக்கர மோட்டார்கள் பெரும்பாலும் 100 மி.மீ. இடைவெளிக்கும், பின் சக்கர மோட்டார்கள் 135 மி.மீ. இடைவெளிக்கும் செய்யப்படுகின்றன. பழைய வண்டிகளில் இடைவெளி இதனினும் குறைவாக இருக்கலாம். வாங்குமுன் அளந்து எழுதிக் கொள்ள வேண்டும்.

பிரேக்: கம்பி இழுக்கும் பழைய பிரேக், மிதித்துச் செல்லும் வேகத்திற்கு ஏற்றது. சுமையுடன் 25 கிலோமீட்டர் வேகத்தில், அதுவும் மழையில் நனைந்த இரும்பு ரிம்மில், அது போதாது. புதிய ரிம் போடும் சக்கரத்திலேனும் பக்கவாட்டில் இறுகப் பிடிக்கும் கேபிள் பிரேக் பொருத்த வேண்டும். அதற்குப் பக்கம் தட்டையான ரிம் தேவை. பிரேக்கில் செலவைக் குறைப்பவர் இந்த முயற்சியில் இறங்காதிருப்பதே நலம்.

பொருத்தும் முறை

முன் சக்கரத்தில் மோட்டார் பொருத்துவது எளிது. செயின், பிரீ வீல் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் பின் கேரியரில் பாரம் ஏற்றும்போது முன் சக்கரம் இலேசாகி மணலில் வழுக்கும். சுமை வண்டிக்குப் பின் சக்கர மோட்டாரே பொருத்தமானது.

மோட்டார் சுழலும்போது அதன் அச்சு எதிர்த்திசையில் திருகிக் கொள்ள முயலும். நட்டை மட்டும் நம்பினால் ஒரு நாள் அச்சு போர்க்கின் வாயை விரித்துக் கொண்டு வெளியே வந்து விடும். வயரும் முறுக்கி அறுந்து விடும். இதைத் தடுக்க, அச்சைப் பிடித்துச் சட்டத்துடன் கட்டும் இரும்புக் கை ஒன்று தனியே விற்கப்படுகிறது. விலை சிறிது, காப்பதோ உயிரை. முன் சக்கர மோட்டாருக்கு இது மிகவும் இன்றியமையாதது. அச்சு பொருந்தவில்லையென்றால் போர்க்கின் வாயை அரத்தால் சிறிதளவே ராவ வேண்டும்.

பேட்டரியைக் கேரியரில் வைத்தல் கூடாது. சட்டத்தின் நடுவில், தாழ்வாக, பூட்டுடன் கூடிய பெட்டியில் வைக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே 20 ஆம்பியர் பியூஸ் இட வேண்டும். கண்ட்ரோலர் காற்றுப்படும் இடத்திலும், மழைநீர் தெறிக்காத இடத்திலும் இருக்க வேண்டும். வயர்கள் ஓரிடத்தில் கீழே வளைந்து பின் மேலேறி இணைப்புக்குச் செல்லுமாறு அமைத்தால், மழைநீர் அவ்வளைவில் சொட்டிவிடும், இணைப்புக்குள் புகாது. யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை ஏற்றுவோர் இணைப்புகளைத் துடைத்துத் தூய்மையாக வைக்க வேண்டும். உரத்தின் உப்பு செம்பையும் பித்தளையையும் அரிக்கும்.

முதல் ஓட்டத்திற்கு முன் வண்டியை உயர்த்தி வைத்து, மோட்டாரை ஓடவிட்டு, பிரேக் பிடித்தவுடன் மோட்டார் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 10 கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு முறையும், 50 கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு முறையும் அச்சு நட்டுகளை இறுக்கி, சக்கரத்திற்குக் கோட்டம் எடுக்க வேண்டும்.

சக்கரம் பொருத்துதல், வயர் இணைத்தல் ஆகியவற்றைச் சைக்கிள் கடைக்காரரும் நாமும் சேர்ந்து செய்து கொள்ளலாம். ஆனால் பேட்டரியை நாமே செய்தல் கூடாது. பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த கலங்களைச் சேர்த்துக் கட்டிக் குறைந்த விலைக்குத் தருவோரும் உள்ளனர். ஒரு கலம் பழுதானாலும் முழு அடுக்கும் தீப்பற்றும் ஆபத்து அதில் உண்டு. ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் பாதுகாப்புச் சுற்று அமைந்த, தயாரிப்பாளர் பெயரும் உத்தரவாதமும் உள்ள பேட்டரியையே ரசீதுடன் வாங்க வேண்டும்.

ஆயத்த வண்டி வாங்குதல்

ஆயத்த வண்டியில் எல்லா உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைந்திருக்கும். பிரேக்கும் சட்டமும் மோட்டாரின் வேகத்திற்கு ஏற்பச் செய்யப்பட்டிருக்கும். பழுது ஏற்பட்டால் ஒரே இடத்தில் முறையிடலாம். வரியிலும் சலுகை உண்டு. முழு மின் மிதிவண்டிக்கு 2019 ஆகஸ்டு முதல் சரக்கு, சேவை வரி 5 சதவீதம். லித்தியம் பேட்டரியையும் மோட்டாரையும் தனித்தனியே வாங்கினால் 18 சதவீதம். கட்டுவோர் இந்த வேறுபாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எனினும் கடைகளில் உள்ள வண்டிகளில் பல, நகரத்து இளைஞர்களை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. கேரியர் இராது, மட்கார்டு சிறிதாக இருக்கும், பால் கேன் மாட்ட இடமிராது. எனவே வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிய வேண்டும்.

1. ஓட்டுபவரும் சுமையுமாக எத்தனை கிலோ தாங்கும்? கேரியர் பொருத்தச் சட்டத்தில் துளைகள் உள்ளனவா?
2. டயர், டியூப் நம் ஊர்க் கடையில் கிடைக்கும் அளவா?
3. பேட்டரியின் வகை, வோல்ட், ஆம்பியர்-மணி என்ன? உத்தரவாதம் எத்தனை மாதம்? எழுத்தில் தருவார்களா?
4. அதே பேட்டரியை இன்று தனியாக வாங்கினால் என்ன விலை? வேறு தயாரிப்பாளரின் பேட்டரி அதில் பொருந்துமா?
5. பழுது நீக்கும் இடம் காலையில் சென்று மாலைக்குள் திரும்பும் தொலைவில் உள்ளதா?
6. மோட்டாரை நிறுத்தி விட்டு வெறுமனே மிதிக்க இலேசாக இருக்கிறதா? சுமையுடன் ஓட்டிப் பார்த்தே இதை அறிய வேண்டும்.

நான்காவது கேள்வியே தலையாயது. பேட்டரி மூன்று நான்கு ஆண்டுகளில் தேய்ந்து விடும் என்பதை முன்பே கண்டோம். அப்போது அந்தத் தயாரிப்பாளர் அந்த வகையை நிறுத்தி விட்டிருந்தால், நல்ல நிலையில் உள்ள வண்டியும் மூலையில் சாய்த்து வைக்கப்படும்.

வரவு செலவு ஒப்பீடு

கீழ்க்காணும் விலைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக் கொள்ளப்பட்டவை. உழவர்கள் தத்தம் ஊரில் கேட்டறிந்த விலையை இட்டுக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நாமே கட்டினால்:
மோட்டார்ச் சக்கரம், கண்ட்ரோலர், ஆக்சிலேட்டர், பிரேக் பிடிகள் – ரூ. 9,000
பேட்டரி – ரூ. 12,000
சார்ஜர் – ரூ. 1,000
பழைய வண்டியைச் சீர்படுத்த (டயர், பிரேக், பால்ரஸ் முதலியன) – ரூ. 2,500
இரும்புக் கை, வயர், பியூஸ், பெட்டி – ரூ. 1,000
கடைக்காரர் கூலி – ரூ. 1,500
மொத்தம் – ரூ. 27,000

ஆயத்த வண்டி:
வண்டியின் விலை (பேட்டரி, சார்ஜர் உட்பட) – ரூ. 34,000
கேரியர், வலுவான ஸ்டாண்டு – ரூ. 1,500
மொத்தம் – ரூ. 35,500

கட்டுவதில் மிச்சம் ரூ. 8,500. ஆனால் தவறாக இணைத்துக் கண்ட்ரோலர் ஒன்று எரிந்தால் இதில் ஒரு பகுதி போய்விடும். பழைய வண்டி இல்லாமல், கட்டுவதற்கென்றே புதிய சைக்கிள் வாங்கினால் மிச்சம் ஏறத்தாழ முழுவதும் போய்விடும். எனவே நல்ல நிலையில் பழைய வண்டி வைத்திருப்போருக்கே கட்டுவதில் இலாபம் உண்டு.

மொபெட்டுடன் ஒப்பிடுவோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனில், கிலோமீட்டருக்கு 2 ரூபாய். மின் மிதிவண்டிக்கு மின்சாரமும் பேட்டரித் தேய்மானமும் சேர்த்து 94 காசு. மிச்சம் 1 ரூபாய் 6 காசு. ஆண்டுக்கு 4,800 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய் மிஞ்சும். பேட்டரியின் விலையைத் தேய்மானத்தில் சேர்த்து விட்டதால் அதைக் கழித்துப் பார்த்தால், கட்டிய வண்டிக்கு இட்ட மீதி முதல் 15,000 ரூபாய் மூன்று ஆண்டுகளில் திரும்பும். ஆயத்த வண்டிக்கு இட்ட 23,500 ரூபாய் ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று முன்பாகத் திரும்பும்.

இக்கணக்கு நாள்தோறும் 16 கிலோமீட்டர் ஓட்டுவோருக்கு உரியது. நாளொன்றுக்கு நான்கைந்து கிலோமீட்டரே செல்வோருக்கு முதல் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் பேட்டரி ஓடாமலே முதுமையடைந்து விடும். அத்தகையோர் உள்ள மிதிவண்டிக்கு எண்ணெய் விட்டு ஓட்டுவதே சிக்கனம். அதுபோல் 50 கிலோவுக்கு மேல் நாள்தோறும் சுமை ஏற்றுவோருக்கும் இது ஏற்றதன்று.

சட்டம் கூறுவது

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிட ஆற்றல் 0.25 கிலோவாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் உள்ள மின் மிதிவண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. தகுந்த பிரேக்கும், முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு ஒளிதிருப்பிகளும் இருத்தல் வேண்டும். இவற்றை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் ஆராய்ந்து சான்றளித்திருக்க வேண்டும் என்பதும் விதியின் பகுதியே.

ஆயத்த வண்டி வாங்குவோர் அச்சான்றின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். நாமே கட்டிய வண்டிக்கு அச்சான்று இராது. இது கட்டும் வழியின் பெருங்குறை, இதை மறைப்பதற்கில்லை. ஆதலின் கட்டுவோர் ஆற்றலிலும் வேகத்திலும் மேற்கண்ட வரம்பைத் தாண்டவே கூடாது. 500, 1,000 வாட் மோட்டார்களை விலை சிறிதே கூடுதல் என்று வாங்கிப் பொருத்தினால் அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனமாகி விடும். விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுவதும் உழவர் தலையிலேயே விழும். ஒரு மிதிவண்டிக்காக நிலத்தை விற்க நேரிடலாம்.

மின்னேற்றமும் தீப் பாதுகாப்பும்

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் மின்னேற்றிக் கொண்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றியதில், தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி உயிரிழந்தனர். மிதிவண்டியின் பேட்டரி சிறியதே எனினும் அதன் தன்மை அதுவே. எனவே கீழ்க்கண்டவற்றை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

1. பகலில், கண்காணிப்பில் மின்னேற்ற வேண்டும். படுக்கும் அறையிலும், வெளியேறும் வாசலை அடைத்தும் கூடாது.
2. சிமெண்டுத் தரையுள்ள, காற்றோட்டமான திண்ணை நன்று. வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, சாக்கு, டீசல், உர மூட்டை ஆகியவற்றிற்கு அருகில் கூடாது.
3. வெயிலில் ஓட்டி வந்தவுடன் மின்னேற்றாமல், அரை மணி நேரம் நிழலில் ஆற விட வேண்டும். 45 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பமுள்ள நிலையில் லித்தியம் பேட்டரியை ஏற்றக் கூடாது.
4. கீழே விழுந்து நசுங்கிய, உப்பிய, நீரில் மூழ்கிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. மோட்டார் மழையைத் தாங்கும்; வாய்க்காலில் முழுக்கிக் கடப்பதைத் தாங்காது.
5. பம்புசெட்டுக்கென வழங்கப்படும் கட்டணமில்லா மின் இணைப்பு பாசனத்திற்கு உரியது. அதில் வண்டிக்கு மின்னேற்றுதல் கூடாது. வீட்டு இணைப்பையே பயன்படுத்த வேண்டும்.
6. புகை வந்தால் மின்சாரத்தை நிறுத்தி, ஆட்களையும் கால்நடைகளையும் வெளியேற்றி, 101 எண்ணுக்குத் தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும். அப்புகை நச்சுத்தன்மை உடையது. பேட்டரியைக் காப்பாற்ற உள்ளே செல்லலாகாது.

எவருக்கு எது?

நல்ல நிலையில் உள்ள உறுதியான மிதிவண்டி, சக்கரம் கோக்கத் தெரிந்த கடைக்காரர், பெயருள்ள தயாரிப்பாளரின் பேட்டரி ஆகிய மூன்றும் அமைந்தோர் கட்டலாம். அவர்களுக்கு விலை குறைவு; வண்டியின் ஒவ்வொரு நட்டும் அவர்கள் அறிந்தது; பேட்டரி தேய்ந்தால் எந்தத் தயாரிப்பாளரிடமும் அதே வோல்ட் அளவில் வேறு வாங்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கட்டும் எண்ணத்தைக் கைவிடுதல் நலம்.

பழைய வண்டி இல்லாதோர், வீட்டுப் பெண்களும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் ஓட்ட வேண்டியோர், நகரச் சாலைகளில் நாள்தோறும் செல்வோர் ஆகியோர் சான்றுள்ள ஆயத்த வண்டியையே வாங்க வேண்டும். கூடுதலாகத் தரும் பணம் சான்றுக்கும் பிரேக்குக்கும் தருவதாகும். ஆனால் மாற்றுப் பேட்டரியின் விலையையும் கிடைக்கும் இடத்தையும் எழுதி வாங்கிய பின்னரே முன்பணம் செலுத்த வேண்டும்.

ஊரில் ஐந்தாறு பேர் ஒரே வகையைத் தேர்ந்தெடுப்பது இரு சாராருக்கும் நன்மை தரும். ஒரே அளவுப் பேட்டரி, ஒரே வகைக் கண்ட்ரோலர் இருந்தால் உதிரி ஒன்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். ஒருவர் வண்டி நின்றால் பால் சங்கத்திற்குப் பால் போவது நிற்காது. உள்ளூர்க் கடைக்காரரும் அவ்வேலையில் தேர்ச்சி பெறுவார்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை கிலோ என்று ஒரு வாரம் குறித்து வைத்த பின் பேட்டரியின் அளவை முடிவு செய்க.
மோட்டாரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பேட்டரியைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்க.
பிரேக், அச்சைப் பிடிக்கும் இரும்புக் கை, பியூஸ் இம்மூன்றிலும் சிக்கனம் வேண்டா.
ஆண்டுதோறும் பேட்டரிக்கென 4,000 ரூபாய் தனியே சேர்த்து வருக. நாளொன்றுக்கு இது 11 ரூபாய் அளவே. பேட்டரி தேயும்போது கடன் வாங்க நேராது.